லாரி எஞ்சின் மறுசீரமைப்பு

நெடுநாள் ஓடித் தேய்ந்த லாரி எஞ்சினைச் சோதித்து, தேய்மானம் எங்கே, எவ்வளவு என்று அளந்து, சிலிண்டர், கிராங்க், பேரிங், வால்வு ஆகியவற்றை மீண்டும் உரிய அளவுக்குக் கொண்டுவரும் வேலை. பட்டறைகளில் ‘எஞ்சின் இறக்குவது’, ‘எஞ்சின் வேலை’, ‘ரீகண்டிஷன்’ என்பார்கள். ரிங், பேரிங், வால்வு அளவில் முடிந்தால் ‘ஹாஃப் எஞ்சின்’. சிலிண்டரைக் குடைந்து, கிராங்க்கைக் கிரைண்டிங் செய்து எல்லாவற்றையும் புதுப்பித்தால் ‘ஃபுல் எஞ்சின்’. இங்கே தமிழ்நாட்டு லாரிகளே முதன்மையாகக் கொள்ளப்படுகின்றன.

முற்காலம்

ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் 1928 முதல் வண்டிகளைப் பூட்டி விற்றது. அக்காலத்து லாரிகள் பெரும்பாலும் பெட்ரோலில் ஓடின. அவற்றின் பேரிங்குகள் தனி உறுப்பாகக் கடையில் கிடைப்பவை அல்ல. ஐசக் பாபிட் 1839இல் காப்புரிமை பெற்ற முறையின் வழிவந்த வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்து, நீல மை தடவி, மை ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டி, கிராங்க்குக்குப் பொருந்தும்வரை கையால் படியவைப்பார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாட்டால் பல வண்டிகள் கரிவாயுவுக்கு மாறின, மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அதற்கான கலன்களைச் செய்தது. வாயுவோடு வந்த சாம்பல் துகள் சிலிண்டரை அரித்தது. போர் முடிந்ததும் ராணுவம் கழித்த ஃபோர்டு, செவர்லே லாரிகள் ஏலத்தில் வந்து சரக்குப் போக்குவரத்தில் சேர்ந்தன.

டீசலின் வருகை

ருடால்ஃப் டீசலின் எஞ்சின் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓடியது. லாரியில் ஏற மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. முதல் டீசல் லாரி எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 1923இல் சோதிக்கப்பட்ட பென்ஸ் வண்டியைச் சிலர் சொல்வர். எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சிய 1924ஆம் ஆண்டு எம்.ஏ.என். வண்டிக்கே அப்பெருமை என்பர் வேறு சிலர். 1927இல் பாஷ் நிறுவனம் எரிபொருள் பம்பைத் தொடர் உற்பத்தியில் இறக்கிய பிறகே டீசல் லாரி பரவலாயிற்று என்பதில் தகராறு குறைவு.

மறுசீரமைப்பின் வரலாற்றுக்கு அதைவிட முக்கியமானது மெல்லிய ஷெல் பேரிங். 1930களில் பிரிட்டனில் வாண்டர்வெல் நிறுவனம் இதைப் பரப்பியது. கிராங்க்கை 10 தௌ (0.25 மி.மீ.) குறைத்து கிரைண்டிங் செய்தால் அதற்கேற்ற ‘பத்து சைஸ்’ பேரிங்கை வாங்கிப் பொருத்தலாம், அடுத்து இருபது, முப்பது, நாற்பது. உலோகம் உருக்கி வார்க்கும் வித்தை தெரியாத ஊரிலும் எஞ்சினை இறக்கிக் கட்ட முடிந்தது இதனால்தான்.

சிலிண்டர் ஏன் தேய்கிறது என்ற கேள்விக்கும் அதே பத்தாண்டில் விடை தேடப்பட்டது. தேய்மானம் எங்கும் ஒரே சீராக விழுவதில்லை. பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும் இடத்தில், மேல் ரிங் உரசும் பட்டையில் மிக அதிகம்; கீழே போகப்போகக் குறையும். அதற்கும் மேலே ரிங் தொடாத விளிம்பு பழைய அளவிலேயே நின்றுவிடுவதால் ஒரு வரப்பு உண்டாகும். விரலை உள்ளே விட்டால் நகத்தில் தட்டும். வட்டமும் கெட்டு, பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கத்தில் நீள்வட்டமாகும். தூசி உராய்வே காரணம் என்று நெடுநாள் நம்பப்பட்டது. பிரிட்டிஷ் மோட்டார் பொறியாளர் சங்கத்தின் ஆய்வுகள், எஞ்சின் சூடேறுமுன் சுவரில் படியும் அமிலமும் அரிப்பதைக் காட்டின. எதன் பங்கு எவ்வளவு என்பது எரிபொருளையும் ஓட்டத்தையும் பொறுத்தது. மணிக்கணக்கில் நிற்காமல் ஓடும் நெடுஞ்சாலை லாரியைவிட, நின்று நின்று ஓடும் வண்டியின் சிலிண்டர் சீக்கிரம் தேய்வதற்கு இந்த அமில விளக்கம் பொருந்துகிறது.

1950 முதல் 1985 வரை

இக்காலம் பற்றிய செய்திகளே மிகுதி. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் லேலண்டு காமெட் வண்டிகளைப் பூட்டத் தொடங்கி, 1955இல் அசோக் லேலண்டு ஆயிற்று. ஜாம்ஷெட்பூரில் டாடாவின் டெல்கோ நிறுவனம், டெய்ம்லர்-பென்ஸ் கூட்டில் 1954 முதல் லாரி செய்தது. ஒப்பந்தம் 1969இல் முடிந்ததும் முகப்பில் பென்ஸின் நட்சத்திரம் போய் டாடாவின் எழுத்து வந்தது. 1840இல் கோச்சு வண்டி செய்யத் தொடங்கிய சென்னை சிம்ப்சன், 1950களில் பெர்கின்ஸ் பி6 டீசல் எஞ்சினுக்கு வந்தது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு பி6 ஏற்றிய ஃபார்கோ, டாட்ஜ் லாரிகள் நெடுங்காலம் ஓடின.

உறுப்புகளும் உள்நாட்டில் கிடைக்கத் தொடங்கின. சென்னை செம்பியத்து இந்தியா பிஸ்டன்ஸ் 1949இலும், பெங்களூர் மைக்கோ 1951இலும் நிறுவப்பட்டன. ‘மைக்கோ பம்பு’ என்பது டீசல் பம்புக்கே பெயராகிப்போனது.

டாடா எஞ்சின்களின் எண் மெக்கானிக்குக்கு உதவும்படி அமைந்தது. 692 என்றால் ஆறு சிலிண்டர், குடைவு 92 மி.மீ.; 697 என்றால் ஆறு சிலிண்டர், 97 மி.மீ. முன்னதன் வீச்சு 120, பின்னதன் வீச்சு 128 மி.மீ.; கொள்ளளவு முறையே 4.8, 5.7 லிட்டர் அளவு. எஞ்சினின் பெயரைக் கேட்டதுமே டயல் கேஜை எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். 

புது சேஸிஸுக்குக் காத்திருக்க வேண்டிய காலம் அது. பர்மிட் கையில் இருந்தும் வண்டி நின்றால் முதலாளிக்குத் தினம் நட்டம். ஆகவே ஒரே எஞ்சின் இரண்டு மூன்று முறை இறக்கிக் கட்டப்பட்டது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரித் தொழிலோடு லேத் பட்டறைகளும் பம்பு, நாசில் கடைகளும் வளர்ந்தன. கழித்த வண்டிகளின் உறுப்புகளுக்குச் சென்னைப் புதுப்பேட்டை பேர்பெற்றது. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தங்கள் பணிமனைகளிலேயே எஞ்சின்களைப் புதுப்பித்துக்கொண்டன.

நோயறிதல்

கருவிகள் குறைவாக இருந்த அந்நாளில் கண்ணும் காதுமே முதற்கருவி. நீலப் புகை ஆயில் எரிவதையும், கரும்புகை காற்றுக்கு மிஞ்சிய டீசலையும், வெண்புகை எரியாத டீசலையோ உள்ளே புகுந்த தண்ணீரையோ குறிக்கும். ஓடும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்தத் துளையின் மேலேயே தலைகீழாக வைப்பார்கள். ரிங்கைத் தாண்டிக் கசியும் காற்றில் மூடி துள்ளினால் ‘பேக் கம்ப்ரஷன்’ என்று தீர்ப்பு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டோ, ஹெட் வெடிப்போ. சூடேறியபின் ஆயில் பிரஷர் முள் படுத்தால் பேரிங்.

ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் தளர்த்தி, எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது எஞ்சினின் ஓட்டம் மாறவில்லை என்று பார்ப்பது இன்னொரு வழி. மாறாத சிலிண்டரே வேலை செய்யாதது. தட்டும் ஓசை அந்த நேரத்தில் நின்றால் பிக் எண்ட் பேரிங்கின் மேல் சந்தேகம் விழும். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை பிளாக்கில் ஊன்றிக் கேட்டே பழுதைச் சொன்ன மேஸ்திரிகள் பலர். கம்ப்ரஷன் கேஜ் உள்ள இடத்தில், அளவு குறைந்த சிலிண்டருக்குள் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள்: அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. கணக்குப்போல் தெளிவான சோதனை இது. ஆனால் ஆயில் அதிகமானால் டீசல் எஞ்சினின் சிறிய எரிஅறையில் பொய்யான உயர் அளவு வரும்.

இறக்கிக் கட்டுதல்

கழற்றிய பிளாக்கைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, சிறு உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவியபின் அளவெடுப்பு. சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். தேய்மானம் வரம்பு மீறினால் போர் அடித்துப் பெரிய பிஸ்டன் போடுவதா, லைனர் (சிலிண்டரின் உள்ளுறை) மாற்றுவதா என்று முடிவாகும். ஹோனிங் செய்யும்போது சுவரில் குறுக்குக் கோடுகள் விழ வேண்டும். ஆயில் தங்குவதும் புது ரிங் படிவதும் அக்கோடுகளால். ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியே வைத்து, முனைகளுக்கிடையே ஃபீலர் கேஜ் விடுவார்கள். குடைவின் ஓர் அங்குலத்துக்கு 3 அல்லது 4 தௌ இடைவெளி என்பது பொதுவிதி. இது குறைந்தால், சூட்டில் முனைகள் முட்டி ரிங் ஒடியும். வால்வைப் பேஸ்ட் தடவி சீட்டில் அரைத்தபின், போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிவு பார்ப்பது இன்றும் உள்ள வழக்கம். பம்பும் நாசிலும் தனிக்கடைக்குப் போகும்.

கருத்து வேறுபாடுகள்

ரன்னிங்-இன் பற்றிய சண்டை ஓயவில்லை. முதல் சில நூறு கிலோமீட்டர் சுமையே ஏற்றாமல் மெதுவாக ஓட்ட வேண்டும் என்பது பழைய மரபு. அப்படி ஓட்டினால் ரிங்கை அழுத்தப் போதிய வாயு அழுத்தம் இன்றிச் சுவர் பளபளத்து வழுக்கலாகி, எஞ்சின் ஆயிலைக் குடிக்கும், ஆகவே மிதமான பாரம் தேவை என்பது பின்னாளைய கருத்து. உற்பத்தியாளர் கையேடுகள் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் மட்டும் போட்டு ஓட்டுவதும் விவாதத்துக்குரியது. மேல் வரப்பை எடுக்காமல் விட்டால் புது ரிங் அதில் மோதி உடையும் என்பதை மட்டும் இருதரப்பும் ஒப்புக்கொள்கின்றன.

இலங்கை

1958இல் தோன்றிய இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு வெரஹெரவில் மையப் பணிமனை இருந்தது. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் பழைய பெட்ரோல் கார்கள் சில துளி பெட்ரோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஆயிலை நீர்க்கச் செய்ததால் ரிங்கும் பேரிங்கும் சீக்கிரம் தேய்ந்தன.

அண்மைக்காலம்

1980களில் அசோக் லேலண்டுக்கு ஹினோ எஞ்சின்களும், 1993இல் உருவான டாடா கம்மின்ஸ் வழியாக 5.9 லிட்டர் பி வரிசை எஞ்சின்களும் வந்தன. பின்னதில் லைனர் இல்லை. பிளாக்கையே குடைந்து 0.5 அல்லது 1 மி.மீ. பெரிய பிஸ்டன் போட வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசுக்கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின் புதிய லாரிகளின் பழுதைக் கணினி இணைத்தே பார்க்கிறார்கள். ஆயில் எரியும் எஞ்சின் புகைவடிகட்டியையும் சாம்பலால் அடைத்துவிடும். 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. தமிழ்நாட்டில் தனியார் லாரிகள் தகுதிச் சோதனையில் தேறினால் அதன் பிறகும் ஓடலாம்.