ரெண்டு தாள்

திண்டுக்கல் டவுனுக்கும் வேடசந்தூர்ப் பக்கத்து மில்லுகளுக்கும் வேலை கேட்டுப் போகிற நம்ம பசங்க கையில் ரெண்டு தாள் இருக்கிறது. அரசு வேலை விண்ணப்பத்தில் சாதியை எழுதியே ஆகணும், தாசில்தார் சான்றிதழோடு. தனியார் கம்பெனிக்குக் கொடுக்கிற பயோடேட்டாவில் அதே சாதி தெரிந்துவிடக்கூடாது. ஒரே ஆள், ஒரே படிப்புதான்.

ஆரம்பத்தில் இந்த ஒளிவுமறைவு இல்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்கே 'பறையன்' என்று பெயர் வைத்தார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்து என்று காங்கிரஸ் கேட்ட நேரம் அது. நடத்தாதே என்று பறையர் மகாஜன சபையிலிருந்து பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு மனு போனது. நீளம் 112 அடி, கையெழுத்து 3,412. தேர்வு இங்கே வந்தால் அதிகாரம் மொத்தமும் மேல்சாதிக்காரன் கைக்குப் போகும் என்பதுதான் வாதம். இதை வெள்ளைக்காரனுக்குப் பிடித்த பக்கப்பாட்டு என்று ஏசுவார்கள். ஏசட்டும். ஊர்க்கிணற்றில் தண்ணி சேந்த விடாதவனே கலெக்டராகவும் வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பது சேரிக்காரனுக்குத்தான் தெரியும்.

1927இல் சென்னை மாகாண வகுப்புவாரி ஆணையில் 12 இடத்துக்கு ஒரு இடம் நமக்கென்று வந்தது. 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, வேதத்தில் சேர்ந்த நம்ம சனத்தைப் பட்டியலுக்கு வெளியே தள்ளியது. ஒரே தெரு, ஒரே இழிவு; கோயில் மாறினால் சான்றிதழ் வேறு.

தனியார் கம்பெனி கதை இன்னும் மோசம். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. 2007இல் முடிவை வெளியிட்டார்கள். அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு 1 என்றால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33.

அது வடக்கே, பெயருக்குப் பின்னால் வால் இருக்கிற ஊர் என்று நம்மாட்கள் சொல்வதுண்டு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப்பட்டத்தை விடச் சொன்னார்கள், இங்கே இனிஷியல் போதும் என்று ஆனது. சரி, முகவரி? 'காலனி' என்று எழுதின மறுநிமிஷம் மேஜைக்கு அந்தப் பக்கம் முகம் மாறுவதை நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார். நல்லதுதான். ஆனால் தபால்காரரிலிருந்து டீக்கடைக்காரர் வரை எந்தப் பக்கம் எந்தத் தெரு என்று தெரியாதவர் யார்?

எனக்குப் பெரிய உறுத்தல் வேறு. நம்ம பிள்ளைகள் 'அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதுகிறார்கள். லீவு நாளெல்லாம் தோல் ஷாப்பில் அப்பாவோடு சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவன், தோலைத் தொட்டே தரம் சொல்வான். அவன் 'இல்லை' என்று எழுதுகிறான். ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பொண்ணும் அப்படியே எழுதுகிறாள். எழுதும்மா என்றால், 'அதெல்லாம் வேலையாண்ணே?' என்கிறாள். அன்றைக்கு அவள் தாளை வாங்கி, எத்தனை வருஷம், எத்தனை பிள்ளை, எந்த வகுப்பு என்று கேட்டுக் கேட்டு எழுதினோம். நாலு வரி வந்தது.