மண்ணின் பாட்டு இசைத்தட்டில் ஏறிய கதை



பாட்டு என்றால் சினிமாப் பாட்டுதான் என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. காதில் விழுவது அதுதானே! ஆனால் சினிமா பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே நாற்று நட்ட பெண் பாடினாள். ஏற்றம் இறைத்தவன் பாடினான். தொட்டிலாட்டிய தாய் பாடினாள். சாவு வீட்டில் மாரடித்தவளும் பாடினாள். அந்தப் பாட்டெல்லாம் கப்பலேறி நம் தோட்டங்களுக்கும் வந்தது. லாபு, சிலியாவ், ரந்தாவ், லிங்கி, சுவா பெத்தோங் என்று நெகிரி செம்பிலானில் பால்மரம் நின்ற இடமெல்லாம் அந்தப் பாட்டும் கேட்டது. அது எப்படி இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் ஏறியது, ஏற்றியவர்கள் யார், ஏறாமல் போனது எது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாம். 'நம்ம பாட்டைப் பேச வந்துட்டு அமெரிக்கா எதுக்கு?' என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. பஞ்சாலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் ரயில் பாதையிலும் உழைத்த ஏழை மக்களின் பாட்டு, 'கன்ட்ரி மியூசிக்' என்ற பேரில் இசைத்தட்டாக விற்றுப் பெரிய வியாபாரமாக ஆனது அங்கேதான்.

1923ஆம் ஆண்டு ஜூன் மாதம் அட்லாண்டா நகரில் ஜான் கார்சன் என்பவரின் பிடிலையும் பாட்டையும் ஒரு கம்பெனி பதிவு செய்தது. கார்சன் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். பதிவு செய்ய வந்த ரால்ப் பியர் என்பவருக்கு அந்தக் குரல் துளிகூடப் பிடிக்கவில்லை. ஆனால் அட்லாண்டாவில் இசைத்தட்டு விற்றுக்கொண்டிருந்த போல்க் பிராக்மன் என்ற வியாபாரி, "எனக்கு 500 தட்டு போட்டுக் கொடுங்கள், போதும்" என்றார். தட்டு வந்தது, விற்றும் தீர்ந்தது. குரல் பிடிக்காத கம்பெனிக்காரருக்கு அப்புறம்தான் விஷயம் புரிந்தது: தங்கள் ஊர்க் குரலைத் தட்டில் கேட்க ஏழை ஜனங்களும் காசு கொடுப்பார்கள்!

அதே ரால்ப் பியர் 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை பிரிஸ்டல் என்ற சிற்றூரில் முகாம் போட்டார். விசித்திரமான ஊர் அது. கடைத்தெருவின் நடுவிலேயே இரண்டு மாநிலங்களின் எல்லைக் கோடு ஓடுகிறது. அங்கே ஒரு பழைய தொப்பிக் கிடங்கில் சுவரெல்லாம் போர்வையைத் தொங்கவிட்டு, பாட வந்தவர்களை ஒவ்வொருவராகப் பாட வைத்தார். 12 நாளில் 19 குழுவினர், 76 பதிவுகள். அவர்களில் இரண்டு பேர் வந்ததால்தான் அந்த ஊரின் பெயர் இன்றைக்கும் நிற்கிறது.

முதலாவது கார்ட்டர் குடும்பம். ஏ.பி. கார்ட்டர், மனைவி சாரா, உறவுக்காரப் பெண் மேபெல். மேபெல்லுக்கு அப்போது 18 வயது, வயிற்றிலே பிள்ளை. மலையடிவாரத்திலிருந்து ஓட்டைக் காரில், வழியெல்லாம் டயர் பஞ்சராக, அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பாட்டுக்கு 50 டாலர். உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது சின்னப் பணமல்ல.

அதற்குப் பிறகு கார்ட்டர் மலை மலையாக, வீடு வீடாகப் போய்ப் பழைய பாட்டுகளைத் தேடினார். அவரோடு கூடவே நடந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினத்தவர். ஒரு காலை இழந்தவர். ஒருவர் பாடினால் கார்ட்டர் வார்த்தையை எழுதிக்கொள்வார். ராகத்தை ரிடில் மனத்திலே பிடித்து வைத்துக்கொள்வார். டேப் ரிக்கார்டர் இல்லாத காலத்தில் அந்த மனிதர்தான் டேப் ரிக்கார்டர்! ஆனால் தட்டின் மேலே அச்சான பேர் கார்ட்டருடையது. ரிடிலின் பேரும் இல்லை, பாடிக் கொடுத்த கிழவிகளின் பேரும் இல்லை. இந்தச் சங்கதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது ஆள் ஜிம்மி ராட்ஜர்ஸ். ரயிலில் பிரேக் போடும் தொழிலாளி. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891இல் போட்ட ரயில் பாதையைப் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு இந்த வேலையைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காசநோய் வந்து ரயில் வேலையை விட்டவர் பாட்டையே தொழிலாக்கிக்கொண்டார். ஆறே ஆண்டு! 1933 மே மாதம் நியூயார்க்கில் கடைசிப் பதிவு. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே கட்டிலில் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டே பாடினார். இரண்டு நாள் கழித்து, 26ஆம் தேதி இறந்துபோனார். வயது 35.

அதே 1933இல், டிசம்பர் 2ஆம் தேதி, தமிழ்நாட்டில் எஸ்.ஜி. கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27தான். அவருக்கும் கே.பி. சுந்தராம்பாளுக்கும் இருந்த இசைத்தட்டுப் புகழை வயதில் மூத்தவர்கள் அறிவார்கள். சாவி கொடுத்து, ஊசி மாற்றி, நாய்ப் படம் போட்ட பெட்டியில் நாடகப் பாட்டுக் கேட்ட தலைமுறை அது. கணவர் போன பின்பு வெள்ளைப் புடவை உடுத்தி, கடைசிவரை அப்படியே வாழ்ந்தவர் கே.பி.எஸ்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவில் தட்டில் ஏறியது வயல்காட்டுக்காரனின் பாட்டு. தமிழில் தட்டில் ஏறியவை நாடகப் பாட்டு, கச்சேரிப் பாட்டு, அப்புறம் சினிமாப் பாட்டு. தெம்மாங்கும் தாலாட்டும் வாசலிலேயே நின்றுவிட்டன. ஏன்? கிராமபோன் வாங்கியவர்கள் வசதிக்காரர்கள். கூலிக்காரன் தட்டு வாங்குவான் என்று கம்பெனிகள் எண்ணவில்லை. தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். நடவுப் பாட்டோ வயல் முடியும்வரை போகும்! இதையெல்லாம்விட, இது ஒரு பாட்டா என்ற இளக்காரம்தான் பெரிய தடை என்பது என் அபிப்பிராயம். அட்லாண்டாவில் 500 தட்டு கேட்ட அந்த வியாபாரியைப் போல ஒருவர் இங்கே முன்வரவில்லை.

தட்டில் ஏறாத பாட்டு ஏட்டில் ஏறியது. சார்லஸ் கோவர் என்ற வெள்ளைக்காரர் 1871இலேயே தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் நூலாக்கினார். பெர்சி மாக்வீன் என்ற அதிகாரி திரட்டியவற்றைக் கி.வா. ஜகந்நாதன் 'மலையருவி' என்று 1958இல் பதிப்பித்தார். பேராசிரியர் நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964இல் வந்தது. இப்படிப் பாட்டுச் சேகரிக்கப் போனவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒப்பாரி பாடச் சொன்னால் பெண்கள் மிரள்வார்கள். "சாவு விழாத வீட்டிலே ஒப்பாரி வைக்கச் சொல்றீங்களே, நல்லா இருக்குதா?" என்பார்கள். வீட்டை விட்டு வெளியே, களத்துமேட்டுக்கோ மரத்தடிக்கோ போன பிறகுதான் வாய் திறப்பார்கள்.

1976இல் 'அன்னக்கிளி' படம் வந்தது. பண்ணைப்புரத்து இளையராஜாவின் முதல் படம். அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் வாசித்த கை அது. நாட்டுப்புற மெட்டு முழு வாத்தியக் கூட்டத்தோடு ஒலித்தபோது, "அட, இது நம்ம ஊருப் பாட்டுல்ல!" என்று ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என்றாலும் அது சினிமாவின் பாட்டு. மண்ணின் பாட்டு தன் சொந்தப் பேரில் கடைக்கு வர இன்னொரு பொருள் வேண்டியிருந்தது. அதுதான் கேசட்.

பிலிப்ஸ் கம்பெனி 1963இல் வெளியிட்ட இந்தச் சின்னப் பெட்டி, 1980களில் தமிழ்நாட்டின் பட்டிதொட்டிக்கெல்லாம் போய்விட்டது. பெரிய ஆலை தேவையில்லை. ஓர் அறை, இரண்டு மைக், நகல் எடுக்கும் இயந்திரம் இருந்தால் யாரும் கம்பெனி தொடங்கலாம். பெரிய கம்பெனிகளின் பிடி தளர்ந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், கணவரோடு கிராமம் கிராமமாகத் திரட்டிய பாடல்களை மேடையிலும் ஒலிநாடாவிலும் பாடினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. புஷ்பவனம் குப்புசாமியும் அனிதாவும் சேர்ந்து பாடிய ஆல்பங்கள் நம் கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒலித்தவை. கே.ஏ. குணசேகரன் 'தன்னானே' குழுவைக் கட்டி, கவிஞர் இன்குலாப் போன்றோரின் பாடல்களை ஒடுக்கப்பட்டவர்களின் குரலாகப் பாடினார். பேராசிரியராகவும் இருந்தார், பறை அடிக்கவும் கூசவில்லை. 2016இல் மறைந்தார். கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடி, 1985இல் 'ஆண்பாவம்' படத்தில் நடித்தவர், 2025இல் காலமானார். பரவை முனியம்மாவை 2003இல் வந்த 'தூள்' படத்தால் எல்லாரும் அறிந்தார்கள். ஆனால் அதற்கு முன்பே அவர் கிராமத்து மேடைகளில் பாடிப் பழுத்தவர்.

இந்த ஆல்பங்களில் எனக்கு ஒரு குறை உண்டு. வேகம் கூடிவிட்டது, கீபோர்டு தாளம் குறுக்கே வந்து நிற்கிறது. நடவு நடுகிற கை எவ்வளவு வேகமாக அசையுமோ அவ்வளவு வேகம்தான் அந்தப் பாட்டுக்கு. தாலாட்டைக் கேட்டுப் பிள்ளை விழித்துக்கொண்டால் அது என்ன தாலாட்டு? ஆனாலும் அந்த ஒலிநாடாக்கள் இல்லாவிட்டால் இவ்வளவும் கிடைத்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் லொரெட்டா லின் என்ற பெண், சுரங்கத் தொழிலாளியான தன் தகப்பனைப் பற்றியும் தாங்கள் பட்ட வறுமையைப் பற்றியும் தானே எழுதிப் பாடிய பாட்டு 1970இல் வந்து நாடு முழுதும் பரவியது. அதே பேரில் ஆல்பமும் வந்தது, 1980இல் சினிமாவும் வந்தது. அந்தக் குடிசை நாட்டுக்கே தெரிந்த வீடாகிவிட்டது.

அப்படியானால் நம் தோட்டம்? இருட்டில் எழுந்து பெரட்டுக்குப் போனவர்கள், மங்கு கழுவியவர்கள், தண்டலிடம் ஏச்சு வாங்கியவர்கள், கள்ளுக்கடையில் சம்பளத்தைத் தொலைத்த புருஷனைப் பார்த்து அழுதவர்கள், இவர்களுக்குப் பாட்டு இல்லையா? இருந்தது. ஊரில் பாடிய மெட்டிலேயே கங்காணியையும் கிராணியையும் வைத்துக் கட்டிப் பாடினார்கள். 1942, 43இல் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப் போனபோது, 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் போய்த் திரும்பாதவர்களுக்காக ஒப்பாரி வைத்தார்கள். 1946இல் தொடங்கிய மலாயா வானொலியின் தமிழ்ப் பகுதி, இன்று மின்னல் பண்பலையாக நம் வீடுகளில் ஒலிக்கிறது. ஆனால் பால்வெட்டுக்காரியின் பாட்டு அவள் குரலிலேயே, அவள் பேரோடு, தட்டாகவோ கேசட்டாகவோ வந்து நம்மவர் வீட்டில் நிறைந்திருந்தது என்று சொல்ல முடியுமா? முத்தம்மாள் பழனிசாமி அவர்கள் இந்த நாட்டில் தாம் கேட்டு வளர்ந்த பாடல்களை 'நாட்டுப்புறப் பாடலில் என் பயணம்' என்று நூலாகத் தந்திருக்கிறார். பெரிய காரியம். ஆனால் நூலில் வார்த்தை இருக்கும், குரல் இராது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகள் இடிந்து, ஜனங்கள் லோபாக்குக்கும் சிரம்பானைச் சுற்றியுள்ள தாமான்களுக்கும் வந்துவிட்டார்கள். அந்தப் பாட்டுகள் இன்று சில பாட்டிமார்களிடம் மட்டும் இருக்கின்றன. மாணவர்களே, பிரிஸ்டலில் கிடங்கு முழுவதும் போர்வை கட்டிச் செய்த வேலையை உங்கள் வீட்டுக் கைப்பேசி இன்று செய்துவிடும். பள்ளி விடுமுறையில் பாட்டியைப் பாடச் சொல்லுங்கள். ஒப்பாரி என்றால் வீட்டுக்குள் கேட்காதீர்கள், வெளியே மரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். மூன்று நிமிடத்தில் நிறுத்தச் சொல்லாதீர்கள். இன்னொன்று: 1902இல் கல்கத்தாவில் பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் கௌஹர் ஜான் என்ற பாடகியைப் பதிவு செய்தபோது, பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் தன் பேரைத் தானே உரக்கச் சொன்னார். ஜெர்மனியில் தட்டு அச்சடிப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. உங்கள் பாட்டியையும் அப்படியே சொல்லச் சொல்லுங்கள்: பேர், பிறந்த ஊர், வேலை பார்த்த தோட்டம், அந்தப் பாட்டை யாரிடம் கற்றார் என்பது.