கொடைக்கானல் வோண்ட்

‘கொடைக்கானல் வோண்ட்’ 2015 ஜூலை 30 அன்று யூடியூபில் வெளியான ஆங்கில ராப் பாடல். சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் எழுதிப் பாடினார். காணொளியை இயக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவர் நடத்திவந்த பாதரச வெப்பமானி ஆலையின் முன்னாள் தொழிலாளர்களுக்கு இழப்பீடு தர வேண்டும், நஞ்சேறிய மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பவையே பாடல் முன்வைத்த கோரிக்கைகள். தொழிலாளர் உரிமைப் போராட்டம் ஒன்றை நகரத்து இளைஞர்களிடம் கொண்டுசேர்த்த கலை முயற்சிகளைப் பேசும்போது இந்தியாவில் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் இதுவும் ஒன்று.

ஆலையின் கதை பாடலைவிட மிகப் பழையது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த ஆலையைப் பெயர்த்து, 1980-களில் பாண்ட்ஸ் நிறுவனம் பழனி மலைக்குக் கொண்டுவந்தது. நிறுவனம் கைமாறியபோது ஆலையும் யூனிலீவர் வசம் போனது. உற்பத்தியான வெப்பமானிகளில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் கலந்த 7.4 டன் உடைந்த கண்ணாடி குவிந்து கிடப்பதை ஊர்மக்களும் சூழலியலாளர்களும் வெளிக்கொண்டு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது. சுமார் 290 டன் பாதரசக் கழிவு 2003-இல் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது.

போன கழிவுக்குக் கணக்கு இருந்தது. உடம்புக்குள் போன ஆவிக்கு இல்லை. பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாது, மணமும் கிடையாது. சிறுநீரகத்தையும் நரம்பையும் அது மெல்ல மெல்லத் தாக்கும் என்பதால், வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து வரும் நோயை ஆலையோடு முடிச்சுப் போட்டு நிரூபிப்பது கடினம். போதிய பாதுகாப்புக் கருவிகள் தரப்படவில்லை என்று தொழிலாளர்கள் கூறினர். அவர்களின் உடல்நலத்துக்குக் கேடு எதுவும் நேரவில்லை என்று நிறுவனம் மறுத்தது. 2006-இல் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதன்பின் வாய்தா மேல் வாய்தா.

இந்த நிலையில்தான் அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ மெட்டில் இந்தப் பாட்டு வந்தது. மெட்டுத் தேர்வில் ஒரு விளம்பரக்காரரின் சாமர்த்தியம் தெரிகிறது. சோஃபியா விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். போபால் விஷவாயு விவகாரத்தில் டவ் நிறுவனத்துக்கு எதிராகவும் முன்பே ராப் பாடியிருந்தார். உலகமெங்கும் இளைஞர்களின் காதில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்த தாளத்தில் ‘பாதரசம்’, ‘இழப்பீடு’ போன்ற சொற்களை ஏற்றிவிட்டார். கேட்டவர் அடுத்து என்ன செய்வது என்று திகைத்து நிற்க வேண்டியதில்லை: ‘ஜட்கா’ என்ற அமைப்பின் இணைய மனு கையெழுத்துக்குக் காத்திருந்தது. சில நாட்களில் பார்வைகள் பத்து லட்சத்தைத் தாண்டின. நிக்கி மினாஜே காணொளியை ட்விட்டரில் பகிர்ந்தார். யூனிலீவரின் உலகத் தலைமை நிர்வாகி பால் போல்மன் அதே தளத்தில் பதில் சொல்ல நேர்ந்தது.

மலையில் நடந்த கொடுமைக்கு ஆங்கிலத்தில் ஏன் பாட்டு என்று கேட்கலாம். பாதிக்கப்பட்டவர்களுக்கு அவர்கள் கதையையே பாடிக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. சோப்பும் ஷாம்பூவும் வாங்கும் இளம் வாடிக்கையாளர்தான் பாட்டின் இலக்கு. நிறுவனத்துக்கு வலிக்கும் இடமும் அதுதான்.

2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் கருணைத்தொகை என்று அது சொன்னது, தொகை வெளியிடப்படவில்லை. ‘ஒரு பாட்டு பன்னாட்டு நிறுவனத்தைப் பணியவைத்தது’ என்று அப்போது எழுதப்பட்டதில் பாதிதான் உண்மை. சங்கமாகத் திரண்ட தொழிலாளர்கள், பத்தாண்டு வழக்கு, சூழலியலாளர்கள் திரட்டிய ஆவணங்கள் ஆகியவை இல்லாவிட்டால் அந்த மூன்று நிமிடப் பாடலில் சொல்ல விஷயமே இருந்திருக்காது. அதேவேளை, பதினான்கு ஆண்டு ஆவணங்களை ஒரு கல்லூரி மாணவர் தேடிப் படிக்கும்படி செய்தது பாட்டுதான்.

இதே வழியில் 2017-இல் ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ வந்தது. கபேர் வாசுகியின் தமிழ் வரிகளை டி.எம். கிருஷ்ணா கர்நாடக இசையில் பாடினார். சபா மேடையில் கேட்டுப் பழகிய ராகங்கள் எண்ணூர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் பின்னணியில் ஒலித்தன. இதன் காணொளியை இயக்கியவரும் ரதீந்திரனே.

கொடைக்கானல் மண் விவகாரம் உடன்பாட்டோடு ஓயவில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவை வைத்துத் துப்புரவு செய்ய முடிவானது. பணக்கார நாடுகளில் ஏற்காத அளவை இங்கே மட்டும் திணிப்பதா என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். 2018-இல் சோஃபியா, கிருஷ்ணா, பாடகர் அம்ரித் ராவ் மூவரும் சேர்ந்து ‘கொடைக்கானல் ஸ்டில் வோண்ட்’ என்ற அடுத்த காணொளியை வெளியிட்டனர். அதில் ராப்பும் கர்நாடக சங்கீதமும் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தன.