அபிஷேகம்: ஒரு சொல்லின் வரலாறும் இலக்கணமும்

திருக்கோயில் வழிபாட்டில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ஒன்று அபிஷேகம். பலரும் பொருளுணர்ந்து கூறும் இச்சொல்லின் பிறப்பை அறிந்தோர் சிலரே.

வடமொழியில் 'ஸிச்' என்னும் வினைப்பகுதி நீர் தெளித்தல், ஊற்றுதல் எனப் பொருள்படும். அதனோடு 'கஞ்' எனப்படும் விகுதி சேர, இகரம் ஏகாரமாகவும் சகரம் ககரமாகவும் திரிந்து 'ஸேக' எனத் தொழிற்பெயர் ஆகும். மேலே, நோக்கி என்னும் பொருளுடைய 'அபி' முன்னே சேருங்கால், அதன் இகரத்தை அடுத்து நிற்கும் ஸகரம் ஷகரமாகும். இவ்வாறு பிறந்ததே 'அபிஷேக' என்னும் சொல். பாணினி முனிவரின் அஷ்டாத்யாயி இம்மாற்றங்களுக்கு விதி கூறுகின்றது.

வடமொழியில் இது ஆண்பாற் சொல். அங்குப் பால் சொல்லைப் பற்றியது. தமிழிலோ பொருளைப் பற்றியது. எனவே தமிழுக்கு வந்தபோது இது மகர ஈறு பெற்று அஃறிணை ஒன்றன்பால் ஆயிற்று. விஷம் விடமானது போல அபிஷேகம் 'அபிடேகம்' எனவும் தமிழ் ஓசைக்கேற்பத் திரிந்து வழங்கலாயிற்று.

தொடக்கத்தில் இச்சொல் மன்னரோடு பெரிதும் தொடர்புடையது. இராசசூய வேள்வியில் அரசனுக்குத் தெளிக்க வேண்டிய 17 வகை நீரைச் சதபத பிராமணம் எடுத்துரைக்கின்றது. இராமபிரான் முடிசூட்டும் பட்டாபிஷேகம் எனவே வழங்குகின்றது. ஆகம வழிபாடு வளர்ந்தபோது, அரசனுக்குரிய அச்சிறப்பு இறைவன் திருமேனிக்கும் உரியதாயிற்று.

கும்பாபிஷேகம் என்பது கும்பம், அபிஷேகம் ஆகிய இரண்டின் கூட்டு. கும்பத்தின் இறுதி அகரமும் அபிஷேகத்தின் முதல் அகரமும் இணைந்து ஆகாரமாயின. கும்பத்தால் செய்யும் அபிஷேகம் என விரிவதால், இது மூன்றாம் வேற்றுமை மறைந்து நிற்கும் தொகை. குடமுழுக்கு என்பதும் குடத்தால் செய்யும் முழுக்கு என விரியும் மூன்றாம் வேற்றுமைத் தொகையே. முழுகு என்னும் தன்வினை முழுக்கு எனப் பிறவினையாகி, அதுவே தொழிற்பெயராயிற்று. வடசொல் ஊற்றுவதைச் சுட்ட, தமிழ்ச்சொல் நீராட்டுவதைச் சுட்டுகின்றது. வேறுபாடு அவ்வளவே.

எம்மொழியில் நிகழ்த்துவது என்னும் வழக்கு நீதிமன்றம் வரை சென்ற பின்னர், 2020 பிப்ரவரி 5 அன்று தஞ்சைப் பெருவுடையார் கோயில் குடமுழுக்கு இரு மொழிகளிலும் நடைபெற்றது. மலேசிய, சிங்கப்பூர் ஆலய அழைப்பிதழ்களிலும் மகா கும்பாபிஷேகம், திருக்குட நன்னீராட்டு என இரு வழக்குகளும் உண்டு. எது உயர்ந்தது என வாதிடுவோர், இரண்டின் உறுப்புகளையும் பிரித்து நோக்குதல் நன்று. அங்கும் குடம், இங்கும் குடம். அங்கும் நீர், இங்கும் நீர். அந்நீர் சென்று சேரும் திருமுடியும் ஒன்றே.