தடுப்பூசி வரிசையில் ஊவாத் தோட்டங்கள்

2020ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் முதலாம் திகதி, சீனாவின் வூஹான் நகரில் சிக்கியிருந்த இலங்கை மாணவர்கள் 33 பேர் மத்தளை விமான நிலையத்தில் வந்திறங்கி, தியத்தலாவை இராணுவ முகாமில் தனிமைப்படுத்தப்பட்டனர். கொவிட் 19 என்ற பெயர்கூட அப்போது அந்நோய்க்குச் சூட்டப்பட்டிருக்கவில்லை. பெருந்தொற்றை எதிர்கொள்ளும் பணி இந்நாட்டில் பதுளை மாவட்டத்திலிருந்துதான் ஆரம்பமானது எனலாம். ஏறத்தாழ ஓராண்டு கழித்துத் தடுப்பூசி நாட்டை வந்தடைந்தபோது அதே மாவட்டத்தின் பொதுமக்கள், அவர்களுள்ளும் தோட்டங்களில் வாழ்வோர், பல மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. தோட்ட மக்கள் ஊசிக்கு அஞ்சி ஒதுங்கினர் என்று அக்காலத்தில் சிலர் கூறினர். அது சரியான விளக்கம் அல்ல என்பது எமது கருத்து. முன்னுரிமை வரிசை அமைக்கப்பட்ட முறையிலேயே தாமதத்தின் காரணம் இருந்தது. ஐந்து ஆண்டுகள் கடந்துள்ள நிலையில் அதனை நிதானமாகத் திரும்பிப் பார்ப்பது பயனுடையது.

இந்தியா அன்பளிப்பாக வழங்கிய 5 இலட்சம் கொவிஷீல்ட் தடுப்பூசிகள் 2021 ஜனவரி 28ஆம் திகதி கொழும்பை வந்தடைந்தன. மறுநாளே சுகாதாரப் பணியாளருக்கும் முப்படையினருக்கும் பொலிஸாருக்கும் அவற்றை ஏற்றும் பணி ஆரம்பமாகியது. பெப்ரவரி பிற்பகுதியில் விலைக்கு வாங்கிய 5 இலட்சமும், மார்ச் 7ஆம் திகதி கோவக்ஸ் திட்டத்தினூடாக 2 இலட்சத்து 64 ஆயிரமும் வந்தன. அத்துடன் வரத்து நின்றுபோனது. இந்தியாவில் இரண்டாம் அலை கொந்தளிக்கத் தொடங்கியதும் அந்நாடு தனது ஏற்றுமதியை நிறுத்திக்கொண்டது. விளைவாக இலங்கையில் முதலாவது ஊசியைப் பெற்ற சுமார் 6 இலட்சம் பேர் இரண்டாவது ஊசிக்கு வழியின்றி நின்றனர். ஜப்பான் வழங்கிய அஸ்ட்ராசெனகா ஜூலை மாத இறுதியில் வந்துசேரும்வரை அவர்களது காத்திருப்பு நீடித்தது.

இடையில் சீனாவின் சினோபார்ம் கைகொடுத்தது. மார்ச் 31ஆம் திகதி 6 இலட்சம் ஊசிகள் வந்திறங்கியபோதிலும், உலக சுகாதார ஸ்தாபனம் மே 7ஆம் திகதி அங்கீகாரம் வழங்கிய பின்னரே அவை இலங்கையருக்கு ஏற்றப்பட்டன. அதுவரை இந்நாட்டிலிருந்த சீனப் பிரஜைகளுக்கே அவை பயன்பட்டன. பின்னர் பெருமளவில் வாங்கப்பட்ட சினோபார்மே நாட்டின் பெரும்பாலானோரின் கைகளில் ஏறிய ஊசியாகும். ஸ்புட்னிக், பைசர், மொடர்னா ஆகியனவும் வந்தன. எந்த ஊருக்கு எந்த ஊசி என்பது கப்பலிலும் விமானத்திலும் வந்ததைப் பொறுத்தே தீர்மானிக்கப்பட்டது.

முன்னுரிமை விடயத்துக்கு வருவோம். முன்னிலைச் சுகாதாரப் பணியாளர், பாதுகாப்புத் தரப்பினர், 60 வயதுக்கு மேற்பட்டோர், அதன்பின் நாட்பட்ட நோயுடையோர் என்பதே ஆரம்பத் திட்டத்தின் வரிசை. உலகின் பல நாடுகளும் இவ்வாறே செய்தன. ஆனால் 2021 பெப்ரவரியில் பொதுமக்களுக்கான பணி மேல் மாகாணத்தில் ஆரம்பித்தபோது 30 முதல் 60 வயது வரையானோர் முன்னிறுத்தப்பட்டனர். வேலைக்காக நடமாடுவோரே தொற்றைப் பரப்புகின்றனர் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். பரவலைத் தடுப்பதா, மரணத்தைத் தடுப்பதா என்ற கேள்விக்கு அறிஞர்களிடையே இருவேறு விடைகள் இருந்தது உண்மையே. ஆயினும் இறந்தவர்களில் பெரும்பான்மையினர் 60 வயதைக் கடந்தவர்கள் என்பதைப் பின்னர் சுகாதார அமைச்சின் கணக்குகளே காட்டின. ஓகஸ்ட் மாதம் டெல்டா திரிபினால் நாளொன்றுக்கு 200க்கும் மேற்பட்டோர் மரணித்துக்கொண்டிருந்த வேளையில், ஊசி பெறாத முதியோரைத் தேடி நடமாடும் குழுக்கள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. அக்குழுக்கள் பெப்ரவரியில் புறப்பட்டிருக்க வேண்டியவை.

வரிசைக்குள் நுழைந்தவர்களைப் பற்றியும் ஓரிரு வார்த்தை சொல்லாதிருக்க முடியாது. பாராளுமன்ற உறுப்பினர்களுக்குப் பெப்ரவரி நடுப்பகுதியிலேயே ஊசி ஏற்றப்பட்டது. வைத்தியர்களின் குடும்பத்தினருக்கு முன்னுரிமை கோரப்பட்டமை பெரும் சர்ச்சையாகியது. தாம் வழங்கிய சீட்டுகளுக்கு ஊசி ஏற்றுமாறு சுகாதார வைத்திய அதிகாரியை அச்சுறுத்திய குற்றச்சாட்டில் மொரட்டுவை மாநகர முதல்வர் மே மாதம் கைதானார். ஆசிரியர்களுக்கும் ஆடைத் தொழிற்சாலை ஊழியர்களுக்கும் ஜூலை அளவில் தனியான ஏற்பாடுகள் செய்யப்பட்டன. அவை நியாயமானவையே. ஆனால் ஊரடங்கு நாட்களிலும் அத்தியாவசியத் தொழில் எனக் கூறப்பட்டு மலையேறிக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளி, ஆரம்பப் பட்டியலில் தனிப் பிரிவாக எங்கும் இடம்பெறவில்லை. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டபோது அத்தியாவசியமாக இருந்தவர், ஊசி என்று வந்தபோது பொதுமக்களில் ஒருவராகிவிட்டார்.

ஊவா மாகாணம் பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி பதுளையில் 8 இலட்சத்து 15 ஆயிரம் பேரும், மொனராகலையில் 4 இலட்சத்து 51 ஆயிரம் பேரும் வாழ்ந்தனர். பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் மலையகத் தமிழர். நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் முஸ்லிம்கள். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, ஹாலிஎல, ஹப்புத்தளை, ஹல்துமுல்ல எனத் தோட்டங்கள் மலைச்சரிவுகளில் சிதறிக்கிடக்கின்றன. பிரதான வீதியிலிருந்து பல மைல் தூரம் தோட்டப் பாதையில் சென்றாலே பல பிரிவுகளை அடையலாம். மேல் மாகாணத்தில் பொதுமக்களுக்கு ஊசி ஏற்றத் தொடங்கிச் சில மாதங்கள் கழிந்த பின்னர், 2021இன் நடுப்பகுதியிலேயே சினோபார்ம் இத்தகைய தூர மாவட்டங்களைப் பரவலாக எட்டத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்கு முதற் தொகுதியாக 50 ஆயிரம் ஊசிகள் சென்றது மே மாத இறுதியில்தான் என்பதும் நினைவுகூரத்தக்கது.

மாவட்டத்துக்கு ஊசி வந்துவிட்டால் தோட்டத்துக்கு வந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, மலைக்குச் சென்று, குறித்த அளவு கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால்தான் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர். 2021 மார்ச் மாதம் வர்த்தமானி மூலம் நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்டபோது, தோட்ட நிர்வாகங்கள் பல இடங்களில் பறிக்கவேண்டிய கிலோவை உயர்த்தின, வேலை நாட்களைக் குறைத்தன என்ற முறைப்பாடுகள் எழுந்தமை வாசகர் அறிந்ததே. தடுப்பூசிக் காலம் சரியாக இந்த நெருக்கடியுடன் வந்து பொருந்தியது. நகரப் பாடசாலையில் உள்ள நிலையத்துக்குச் சென்று அரை நாள் வரிசையில் நிற்பதென்றால் ஒரு பேர் போய்விடும். சினோபார்முக்கு இரண்டாவது ஊசி நான்கு வாரங்களில். ஆகவே ஒரு மாதத்தில் இரண்டு பேர். கணவனும் மனைவியுமாக நான்கு. ஓட்டோக் கூலி வேறு. மறுநாள் காய்ச்சல் வந்தால் அந்நாளும் கணக்கில் சேரும். அரச உத்தியோகத்தருக்கு இந்தக் கணக்கு இல்லை.

ஊசியின் தன்மையும் ஒரு காரணம். அஸ்ட்ராசெனகா குப்பியொன்றில் பத்துப் பேருக்குரிய மருந்து இருக்கும். திறந்தால் ஆறு மணித்தியாலத்துக்குள் முடித்துவிட வேண்டும். எனவே கூட்டம் சேரும் இடத்திலேயே அதைத் திறக்க அதிகாரிகள் விரும்புவர். பைசர் மிகையுறை குளிரில் வைக்கப்பட வேண்டியது. பெரும்பாலும் ஒருவருக்கு ஒரு குப்பியாக வரும் சினோபார்மோ, குழந்தைகளுக்கான தடுப்பூசிகளை வைக்கும் சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியிலேயே இருக்கக்கூடியது. சிறிய தோட்டப் பிரிவுக்கு எடுத்துச்செல்ல இதைவிட வசதியான ஊசி வேறில்லை. பிரட்டுக்களத்திலோ, பிள்ளைக் காமராவிலோ, தோட்ட டிஸ்பென்சரியிலோ வைத்து வேலைக்குச் செல்லுமுன் ஏற்றிவிடலாம். அவ்வாறு தோட்டத்துக்கே சென்று ஏற்றிய இடங்களில் மக்கள் தயங்காமல் கை நீட்டினர்.

இதில் வியப்பில்லை. தோட்ட மக்களுக்கு ஊசி புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆட்கள் கொண்டுவரப்பட்டபோது, மண்டபம் முகாமில் அவர்களைத் தடுத்துவைத்து, பரிசோதித்து, அம்மைப்பால் குத்திய பின்னரே கப்பலேற்றினர். அன்று அவர்கள் வரிசையில் முதல் இடத்தில் நின்றனர். அவர்களைக் காப்பதற்காக அன்று. அவர்களுடன் நோய் இத்தீவுக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காக. பின்னர் 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் ஆரம்பிக்கப்பட்டபோது குடும்பநல உத்தியோகத்தர் என்னும் மிட்வைஃப் அம்மாவே லயத்துக்கு வந்து தாய்மாரை அழைத்துச்சென்றார். இளம்பிள்ளைவாதம் 1993க்குப் பின்னர் இந்நாட்டில் தோன்றாமைக்கு அவ்வாறு கால்நடையாக அலைந்த பெண்களின் உழைப்பும் காரணம். கொவிட் காலத்தில் அந்த வலையமைப்பு கைவசம் இருந்தது. அதனை முன்வைக்காமல், முதலில் பெரிய நிலையங்களையும் படையினரின் நிர்வாகத்தையும் நம்பினோம்.

அடுத்தது அத்தாட்சிப் பிரச்சினை. ஊசி கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாக வழங்கப்பட்டது. தோட்டப்புறங்களில் ஒரு பிரிவுக்குள் பல தோட்டங்கள் அடங்கும். கிராம உத்தியோகத்தர் பலருக்குத் தமிழ் தெரியாது. அடையாள அட்டை இல்லாத முதியோர் இன்றும் லயங்களில் உள்ளனர். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் மலையக இளைஞர், யுவதிகளின் நிலை இன்னும் இக்கட்டானது. தொற்று மிகுந்த இடத்தில் அவர்கள் இருந்தனர். பெயரோ பசறையிலோ ஹாலிஎலயிலோ இருந்தது. பண்டிகைக்கு அவர்கள் ஊர் திரும்பியபோது தோட்டங்களுக்கு நோயைக் கொண்டுவந்தவர்கள் என்ற பழியும் அவர்கள்மீது விழுந்தது.

முஸ்லிம் மக்களைப் பொறுத்தவரை பிரச்சினை வேறொரு வடிவம் கொண்டிருந்தது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானியின்படி கொவிட்டினால் இறந்தோரின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் தெளிவாகக் கூறியிருந்தும், பிறந்து 20 நாட்களேயான பாலகனின் உடல்கூட எரிக்கப்பட்டது. தடுப்பூசிப் பணி ஆரம்பித்த முதல் நான்கு வாரங்களும் இந்த விதி நடைமுறையில் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 2021 பெப்ரவரி 25இல்தான் அது திருத்தப்பட்டது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. அதன்பின்னும் ஓராண்டுக்குப் பதுளை, பண்டாரவளை, குருத்தலாவை, சில்மியாபுர மக்கள் தமது ஜனாஸாக்களை மலையிறக்கி மட்டக்களப்பு மாவட்டம்வரை அனுப்ப நேர்ந்தது. சுகவீனமுற்றவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவே அஞ்சிய ஒரு சமூகத்திடம், அதே சுகாதாரத்துறை ஊசிக்கு வருமாறு அழைத்தது. இருந்தும் அவர்கள் வந்தனர். ஏப்ரல், மே மாதங்களில் வந்த ரமழானில், ஊசி நோன்பை முறிக்காது என்று உலகெங்கும் மார்க்க அறிஞர்கள் விளக்கமளித்தனர். கட்டாய எரிப்புக்கு மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது 2024 ஜூலையிலாகும்.

அறிவியலின் மீதான நம்பிக்கைக் குறைவைப் பற்றிப் பேசுவோர், 2020 டிசம்பரில் கேகாலையில் ஒரு 'பாணி'க்காகத் திரண்ட ஆயிரக்கணக்கானோரையும், அதனைப் பகிரங்கமாக அருந்திய அன்றைய சுகாதார அமைச்சரையும் நினைத்துக்கொள்வது நல்லது. அந்தக் கூட்டம் தோட்டப்புறத்தில் கூடியதல்ல.

நாட்டின் மொத்தக் கணக்கு மோசமானதன்று. 2021 முடியும்போது சுமார் 1 கோடி 40 இலட்சம் பேர் இரண்டு ஊசிகளையும் பெற்றிருந்தனர். பல செல்வந்த நாடுகளுக்கு இணையான வேகம் இது. இதற்காக இரவு பகலாக உழைத்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களையும் தாதியரையும் பாராட்டாதிருக்க முடியாது. ஆனால் 2022இல் பொருளாதாரம் சரிந்து, எரிபொருள் வரிசையே வாழ்க்கையானபோது மூன்றாவது ஊசியை எவரும் பொருட்படுத்தவில்லை. இலட்சக்கணக்கான பைசர் ஊசிகள் காலாவதியாகின. ஓராண்டுக்கு முன்னர் ஒரு சீட்டுக்காக மாநகர முதல்வரே சிறை சென்ற நாட்டில் இது நடந்தது.

இவற்றையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தைச் சிதைத்தபோது, மண்சரிவில் பாதைகள் துண்டிக்கப்பட்ட இடங்களில் யாருக்கு முதலில் உதவி, யாருடைய பெயர் பட்டியலில் என்ற அதே கேள்வி மீண்டும் எழுந்தது. 2014இல் மீரியபெத்தையிலும் அப்படித்தான். தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1990களில் ஆரம்பிக்கப்பட்டு இன்னும் முடிவடையவில்லை. டிஸ்பென்சரி கம்பனியிடமும், குடும்பநல உத்தியோகத்தர் அரசிடமும் இருக்கும் இந்த இரட்டை நிலையில், அவசர வேளையில் தோட்டத்துக்குப் பொறுப்பானவர் யார் என்பதே தெளிவில்லை.

சுகாதார அமைச்சும் ஊவா மாகாண சபை நிர்வாகமும் அடுத்த அவசர காலத்துக்கான திட்டத்தில் தோட்டத் தொழிலாளரைத் தனிப் பிரிவாகக் குறிப்பிட வேண்டும். ஊசிக்கோ பரிசோதனைக்கோ செல்லும் நாளுக்கு முழுப் பேர் வழங்கக் கம்பனிகளைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும். படிவமும் அறிவித்தலும் அறிவிப்பாளரின் குரலும் தமிழில் இருக்க வேண்டும். லயன் காம்பிராக்களுக்குத் தனித்தனி முகவரி வழங்கும் வேலையையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளலாம். பல தோட்டங்களில் இன்றும் எல்லோருடைய கடிதங்களும் தோட்டக் காரியாலயத்தின் பெயருக்கே வந்து, யாராவது மலைக்குப் போகும்போது கொடுத்தனுப்பப்படுகின்றன.