ஹோபோகன் முதல் துரியால்பா வரை

ஒரு பேஸ்பாலின் எடை 142 முதல் 149 கிராம் வரை இருக்கலாம். சுற்றளவு ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். 1872இல் வகுக்கப்பட்ட இந்த அளவு இன்றுவரை மாறவில்லை. கிரிக்கெட் பந்தைவிட எடை கொஞ்சம் குறைவு, பருமன் கொஞ்சம் கூடுதல். கிரிக்கெட் பந்தில் நடுவே நேராக ஓடும் தையல், இதில் வளைந்து வளைந்து பந்து முழுவதையும் சுற்றி வருகிறது. எட்டு வடிவில் வெட்டிய இரண்டு வெள்ளைத் தோல்களைச் சிவப்பு நூலால் 108 இரட்டைத் தையல் போட்டு இணைக்கிறார்கள். தொழிற்சாலைகள் எவ்வளவோ நவீனமாகிவிட்டன. இந்தத் தையலை மட்டும் இன்னும் கையால்தான் போடுகிறார்கள்.

அமெரிக்காவின் தேசிய ஆட்டம் என்று பெயர் பெற்ற பேஸ்பாலின் வரலாற்றை எல்லோரும் வீரர்களை வைத்தே சொல்கிறார்கள். பந்தை வைத்துச் சொன்னால் அந்த வரலாற்றுக்குள் வேறு சிலரும் வருவார்கள். அவர்கள் வரவேண்டும் என்பது என் ஆசை.

1840களின் நியூயார்க்கில் இருந்து தொடங்கலாம். ஊருக்கு ஊர் வெவ்வேறு விதிகளுடன் ஆடப்பட்ட பழைய மட்டைப்பந்து ஆட்டங்களில், ஓடுகிறவர் மீது பந்தை எறிந்து அடித்தால் அவர் அவுட். அப்படி அடிப்பதற்குப் பந்து மென்மையாக இருந்தாக வேண்டும். 1845இல் நிக்கர்பாக்கர் என்ற பேஸ்பால் சங்கம் எழுதிய விதிகள் இந்த எறிதலைத் தடை செய்தன. பந்தைப் பிடித்துத் தளத்தைத் தொட வேண்டும், அல்லது ஓடுபவரைத் தொட வேண்டும். உடம்பில் படாது என்றான பிறகு பந்தைக் கெட்டியாகச் செய்யத் தடையில்லை. கெட்டியான பந்து வேகமாகப் பறந்தது, தூரம் போனது. சிறுவர் விளையாட்டைப் பெரியவர்கள் ஆடும் ஆட்டமாக்கியதில் இந்த ஒரு விதிக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்த டாக்டர் டேனியல் ஆடம்ஸ், பல ஆண்டுகள் பந்துகளைத் தானே செய்தார். ரப்பர் துண்டுகளின் மேல் நூலைச் சுற்றி, அதன் மேல் தோல் போர்த்தினார். குதிரைத் தோலை நன்றாகப் போர்த்தித் தைக்கும் வழியை அவருக்குக் காட்டியவர் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவர். அப்போதும் பந்து மிக இலேசாகவே இருந்தது. எல்லையில் நிற்பவர் எறிந்தால் களத்தின் நடுப்பகுதி வரை வந்து சேராது. அதை இடையில் வாங்கி எறிய ஓர் ஆளை நிறுத்தினார் ஆடம்ஸ். இன்று ஷார்ட்ஸ்டாப் என்று அழைக்கப்படும் இடம் அப்படிப் பிறந்தது. 1846 ஜூன் 19 அன்று, ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில் நியூஜெர்சியின் ஹோபோகனில் இருந்த எலிசியன் ஃபீல்ட்ஸ் மைதானத்தில், நிக்கர்பாக்கர் சங்கம் இன்னொரு அணியுடன் மோதியது. சொந்த விதிகளிலேயே 23-1 என்று தோற்றது.

மாசசூசெட்ஸின் நேட்டிக் ஊரில் 1858இல் ஹார்வுட் குடும்பம் பந்துத் தொழிற்சாலையைத் தொடங்கியது. உள்ளூர்ப் பெண்கள் தோல்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று தைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பெண்களின் பெயர்கள் ஆட்டத்தின் புத்தகங்களில் பெரும்பாலும் இல்லை. அதற்குள் உள்நாட்டுப் போர் வந்தது. வட கரோலினாவின் சாலிஸ்பரி சிறை முகாமில் பிடிபட்ட வடக்குப் படையினர் பேஸ்பால் ஆடுவதை, அங்கேயே கைதியாக இருந்த ஓர் ஓவியர் வரைந்திருக்கிறார். போர் முடிந்து வீடு திரும்பிய படைவீரர்கள் ஆட்டத்தையும் கூடவே கொண்டு போனார்கள்.

பிட்ச்சராக, அதாவது பந்து வீசுபவராக, புகழ்பெற்று, பிறகு விளையாட்டுப் பொருள் வணிகத்தில் இறங்கிய ஆல்பர்ட் ஸ்பால்டிங்குக்கு, இந்த ஆட்டம் முழுக்க முழுக்க அமெரிக்க மண்ணில் பிறந்ததாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தது. இங்கிலாந்தின் ரவுண்டர்ஸில் இருந்து வந்தது என்றார் அங்கே பிறந்த செய்தியாளர் ஹென்றி சாட்விக். தீர்த்துவைக்க அமைந்த குழு, 1839இல் கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபுள்டே என்பவர் கண்டுபிடித்தார் என்று அறிவித்தது. ஒரு முதியவரின் நினைவைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் இல்லை. 1930களில் அந்த ஊருக்கு அருகே ஒரு பழைய பெட்டியில் கிழிந்த பந்து ஒன்று அகப்பட்டது. உள்ளூர்ச் செல்வந்தர் ஸ்டீபன் கிளார்க் அதை 5 டாலருக்கு வாங்கினார். அதைச் சுற்றித்தான் 1939இல் பேஸ்பால் புகழ் மண்டபம் எழுந்தது. டபுள்டே கதை பொய் என்று வரலாற்றாசிரியர்கள் நிறுவியாயிற்று. பந்து இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பந்தின் நடுவே ரப்பருக்குப் பதிலாகத் தக்கை வந்தது 1910 வாக்கில். ஆனால் ஆட்டத்தைத் தலைகீழாகப் புரட்டியது 1920. அதுவரை ஒரு பந்தை முடிந்த மட்டும் நீட்டித்து ஆடினார்கள். பார்வையாளர்கள் நடுவே விழுந்ததையும் திரும்பக் கேட்டு வாங்கினார்கள். பிட்ச்சர்கள் எச்சிலும் புகையிலைச் சாறும் மண்ணும் பூசி அதைக் கறுப்பாக்கியிருந்தார்கள். எச்சில் பந்து அந்த ஆண்டு தடை செய்யப்பட்டது. பழைய பிட்ச்சர்கள் சிலருக்கு மட்டும் விலக்கு. ஆனால் பந்துச் செலவு கூடுகிறது என்று அணி முதலாளிகள் முறையிட்டதால், அழுக்குப் பந்துகளைச் சட்டென்று மாற்ற வேண்டாம் என்று அம்பயர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

ஆகஸ்ட் 16, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ். கிளீவ்லாந்து அணியின் ஷார்ட்ஸ்டாப் ரே சாப்மன் மட்டையுடன் குனிந்து நிற்கிறார். யாங்கீஸ் அணியின் கார்ல் மேஸ், கை தரையை ஒட்டி வரும்படி வீசுகிறவர். பந்து சாப்மனின் தலையில் மோதியது. அவர் நகரவே இல்லை. பந்தை அவர் பார்க்கவில்லை என்றே பலரும் கருதினார்கள். எழுந்த சத்தத்தைக் கேட்டுப் பந்து மட்டையில்தான் பட்டது என்று நினைத்த மேஸ், உருண்டு வந்ததை எடுத்து முதல் தளத்துக்கு எறிந்தார். மறுநாள் விடியலில் சாப்மன் இறந்தார். அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீகின் ஆட்டத்தில் பந்து பட்டு உயிரிழந்த வீரர் இன்றுவரை அவர் ஒருவரே. சில டாலர் மிச்சம் பிடிக்க ஒரு மனிதரைப் பலி கொடுத்த நாளாகவே அதை நான் பார்க்கிறேன்.

அதன் பிறகு அழுக்கான பந்து உடனுக்குடன் மாற்றப்பட்டது. வெள்ளைப் பந்து பேட்டரின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் ஹோம் ரன்களை 1919இல் 29 முறை அடித்த நட்சத்திர வீரர் பேப் ரூத் 1920இல் 54 அடித்தார், அடுத்த ஆண்டு 59. புதிய பந்தின் வழுவழுப்பைப் போக்க டெலவேர் ஆற்றின் துணையாறு ஒன்றிலிருந்து எடுத்த சேற்றைத் தேய்க்கும் பழக்கம் 1938இல் லீனா பிளாக்பர்ன் என்ற பயிற்சியாளரால் வந்தது. மேஜர் லீக் பந்து ஒவ்வொன்றும் இன்றும் அந்தச் சேற்றைத் தொட்ட பிறகே களம் இறங்குகிறது.

அதே 1920இல், கான்சஸ் சிட்டியில் ரூப் ஃபாஸ்டர் நீக்ரோ தேசிய லீகைத் தொடங்கினார். மேஜர் லீகின் கதவு கறுப்பின வீரர்களுக்கு அடைத்தே கிடந்தது. 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் அணிக்காக ஜாக்கி ராபின்சன் இறங்கியபோதுதான் அது திறந்தது. கறுப்பினத்தார் லீகில் ஆடத் தொடங்கிய ஹாங்க் ஆரன், ரூத்தின் 714 ஹோம் ரன் என்ற சாதனையை நெருங்கியபோது கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் அவர் அடித்த 715ஆவது ஹோம் ரன் பந்தை அவருடைய அணியின் டாம் ஹவுஸ் வேலிக்குப் பின்னால் பிடித்து, ஓடி வந்து கையில் கொடுத்தார். பந்தின் மேல்தோல் குதிரையிலிருந்து மாட்டுக்கு மாறியதும் அந்த ஆண்டில்தான்.

தைக்கும் கைகள் அதற்குள் அமெரிக்காவை விட்டு வெளியேறியிருந்தன. கூலி குறைந்த இடம் தேடிச் சென்ற தொழில் ஹைட்டியில் நின்றது. ஹைட்டியும் டொமினிகன் குடியரசும் ஒரே தீவில் இருக்கின்றன. கிழக்கே இருந்து புகழ்பெற்ற வீரர்கள் வந்தார்கள், மேற்கே இருந்து பந்துகள் வந்தன. ஹைட்டியில் அரசியல் கொந்தளித்தபோது, 1977 முதல் மேஜர் லீகுக்குப் பந்து தரும் ராலிங்ஸ் நிறுவனம் கோஸ்டா ரிக்காவுக்கு முழுவதும் நகர்ந்தது. காப்பியும் கரும்பும் விளையும் துரியால்பா என்ற ஊரில் இப்போது தையல் நடக்கிறது. தோல் டென்னசியிலிருந்து போகிறது. பந்தைப் பிடியில் மாட்டி, இரண்டு ஊசிகளைக் கோத்து, இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து இழுத்து இழுத்து இறுக்குகிறார்கள். தோளும் மணிக்கட்டும் தேய்கிற வேலை. அந்த ஊர்ப் பிள்ளைகள் ஆடுவது கால்பந்து. ஒரு பந்தைத் தைக்கச் சுமார் 30 சென்ட் கூலி என்று 2004இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. 2024இல் ஷோஹெய் ஒஹ்டானியின் 50ஆவது ஹோம் ரன் பந்து ஏலத்தில் சுமார் 44 லட்சம் டாலருக்குப் போனது.

2019 பருவத்தில் 6,776 ஹோம் ரன்கள் அடிக்கப்பட்டன. அதுவரை எந்தப் பருவத்திலும் இத்தனை இல்லை. முந்தைய ஆண்டு மேஜர் லீகும் சேர்ந்து ராலிங்ஸை வாங்கியிருந்ததால், பந்தை வேண்டுமென்றே மாற்றினார்கள் என்று பிட்ச்சர்கள் குற்றம் சாட்டினார்கள். லீக் அமைத்த அறிவியல் குழு பந்துகளை ஆராய்ந்தது. வேண்டுமென்று செய்ததற்குச் சான்று இல்லை என்றது. பேட்டர்கள் அடிக்கும் விதம் மாறியது ஒரு காரணம். பந்தின் மீது காற்றின் இழுவை குறைந்தது இன்னொரு காரணம். அந்த இழுவை குறைந்ததில் ஒரு பங்கு, தையல் மேடு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தாழ்ந்திருந்ததால் வந்தது.