ஊரியின் குரலும் இயந்திரத்தின் மொழியும்

மட்டக்களப்பைக் கண்டறியாதவரும் அதன் பாடும் மீனைக் கேட்டறிவர். ‘மீன்பாடும் தேன்நாடு’ என்னும் அடைமொழி இங்குள்ள சிறுவர் வாயிலும் பயில்வது. செயற்கை நுண்ணறிவு எனப்படும் இயந்திரத்திடம் மாணவர் ஒருவர், வாவியின் இசையை எழுப்புவது யாது என வினவினால், மீன் என்னும் விடை வருவதே இயல்பு. எழுத்தில் உள்ளவற்றைப் பெருந்தொகையாய்த் திரட்டி, ஒரு சொல்லின் பின் எச்சொல் வரத்தக்கது எனக் கணித்துத் தொடர் கோப்பது அதன் தொழில். மிகுதியாக எழுதப்பட்டதன் பக்கமே அது சாய்கிறது. மிகுதியாக எழுதப்பட்டது உண்மையாகிவிடுமா? இவ்வினாவுக்கு நமது வாவியின் வரலாறே விடை பகர்கிறது.

1848ஆம் ஆண்டில், இலங்கையின் குடியேற்ற அரசுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் மட்டக்களப்புக்கு வந்தார். மீனவர் வலித்த படகில் இரவில் வாவியினுட் சென்று அவ்விசையைக் கேட்டார். அது நீண்ட ஒற்றை ஒலியன்று. தனித்தனியே தெளிவுறக் கேட்கும் சிற்றொலிகள் பல சேர்ந்தது. படகின் மரத்திற் செவியை வைத்தபோது ஒலி பெருகிற்று. 1859இல் வெளிவந்த தமது நூலில் இவற்றையெல்லாம் அவர் எழுதினார். அம்மீனவர் அவருக்குச் சொன்ன காரணம் நம் கருத்துக்குரியது. இசை எழுப்புவது மீன் என்று அவர்கள் கூறவில்லை, ‘ஊரி’ என்றனர். ஊரியென்பது நீர்வாழும் சிறு நத்தையினம்.

நூலெழுதிய அதிகாரியின் பெயரை உலகம் அறியும். துடுப்பு வலித்து, இசை எழும் இடத்தைக் காட்டி, காரணமும் கூறிய உழைப்பாளிகளின் பெயரை வரலாறு சொல்லவில்லை. அவர்களது ஊரியும் மெல்ல மறைந்தது, மீன் நிலைத்துவிட்டது. எவ்வுயிர் இசைக்கிறது என்பதோ இன்றுவரை ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. மீனென்று உறுதியாய் உரைக்கும் இயந்திரம், தீராத வழக்கொன்றில் ஒரு கட்சியின் வாக்கைத் தீர்ப்பாக்கித் தருகிறது. அதைப் படிக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளை தன் பாட்டனார் சொல்லைப் பிழையென ஒதுக்குவானாயின், இழப்பு யாருக்கு?

இவ்வாறு கூறுவதால் நாம் கருவிகளுக்குப் பகைவர் ஆகோம். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த லாங் அடிகளார் ஒலிப்பதிவுக் கருவியை வாவிக்குக் கொண்டுசென்று அவ்விசையைப் பதிந்தார். இலங்கை வானொலியின் வாயிலாக நாடு அதனைக் கேட்டது. அதுவும் இயந்திரமே. ஆயின் அது நீரின் ஒலியைக் கேட்டது. கேட்டதையே திருப்பித் தந்தது.

கணிதமும் கலைக்குப் பகையன்று. அதற்கு நம் மண்ணிற் பிறந்தவரே சான்று. 1892இல் காரைதீவில் தோன்றிய விபுலானந்த அடிகள் தமிழ்ப் பண்டிதர். அறிவியற் பட்டதாரியும் ஆவார். வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையினின்று தேடத் தொடங்கி, இயற்பியலும் கணிதமும் துணையாக நெடுங்காலம் ஆராய்ந்தார். 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் ‘யாழ்நூல்’ அரங்கேறியபோது, மீட்டுருவாக்கிய யாழ்களின் இசையும் அவையோர் செவிக்கு எட்டிற்று. ஏட்டிற் போட்ட கணக்கு நரம்பில் ஏறி, கேட்போர் முன் சோதனைக்கு நின்றது. தம் முடிபுக்குத் தாமே பொறுப்பென்று நின்றார் அடிகள். அடுத்த மாதமே அவர் மறைந்தார். வாவியை அடுத்த கல்லடி உப்போடையில், அவர் 1929இல் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அவரது சமாதி உள்ளது.

பொறுப்பு என்னும் இச்சொல்லிலேதான் உண்மையும் கலையும் சந்திக்கின்றன. கூத்துக் களரியில் ஆட்டம் தவறினால் அண்ணாவியார் ஊரார் முன் தலைகுனிவார். சூடடிக்கும் களத்திற் பாடுபவன் தன் உடல் நோவைப் பாடுகிறான். இயந்திரம் யார் முன் தலைகுனியும்? எந்த நோவைப் பாடும்? அது கோக்கும் சொற்களெல்லாம் எழுதியும் பேசியும் மாந்தர் உழைத்துச் சேர்த்த செல்வம். அச்செல்வத்தால் ஆன இயந்திரமோ பெரும்பாலும் சில பெருமுதலாளி நிறுவனங்களின் கையில் இருக்கிறது. நிலம் போடியாருக்கு, வியர்வை வயற்காரனுக்கு என்றிருந்த பழைய கணக்கு நமக்குப் புதிதன்று.

எழுதப்படாத மக்கள் இயந்திரத்தின் மொழியில் இல்லாத மக்கள். வித்துவான் வி. சீ. கந்தையா ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலை 1964இல் தந்திராவிடின், இப்பகுதியின் வழக்குகள் பல இன்று ஏட்டில் இரா. அவர் தொடங்கிய பணி முடிந்துவிடவில்லை. ஆசிரியரும் மாணவரும் விடுமுறை நாட்களில் வாவிக் கரைக்கும் வயல்வெளிக்கும் செல்லவேண்டும். மீனவர் சொல்லையும், உழவர் பாட்டையும், கூத்துத் தாளக்கட்டையும், சொன்னவர் இசைவோடும் பெயரோடும் எழுதிவைக்கவேண்டும். கருத்துகள் முரண்பட்டால் இரண்டையும் பதிதல் வேண்டும். வருங்காலத்தில் எந்த இயந்திரத்தை வினவினாலும், மீன் என்பாரும் உளர், ஊரி என்பாரும் உளர், வழக்கு இன்னும் தீரவில்லை என்னும் நேர்மையான விடையாவது கிடைக்கட்டும்.